சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இதைத் தொழிலாகவும் செய்யலாமா?

கேள்வியைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. திருச்சியில் இருபத்திரண்டு வருடமாகச் சாவிக்கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நாலுக்கு நாலு பெட்டிதான். பொண்ணு கொடுக்க யோசித்த தொழில் இது. இதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் சிரிப்பு வராதா? அப்புறம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் ஒன்றரை நிமிடத்தில் பூட்டைத் திறந்து காட்டுவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பூட்டும் பதினைந்து கம்பி உள்ள செட்டும் ஆன்லைன் கூடையில் போட்டு வைத்திருப்பீர்கள். சரிதானே? தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பூட்டு வாங்குவதில் தப்பில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் அதில் பழகினால் கண்தான் பழகும், விரல் பழகாது. அதைவிட ஹார்டுவேர் கடையில் கதவு லாக்குக்கான பித்தளைச் சிலிண்டரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இருப்பதிலேயே மலிவானதாக. கிளிப்பை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி, உள் உருளையை வெளியே தள்ளலாம். தள்ளும்போது அதே பருமன் உள்ள ஒரு மரக்குச்சி பின்னாலேயே போக வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருக்கிற ஸ்பிரிங்கும், ‘பின்’ என்கிற குட்டி உலோகத் துண்டுகளும் பறந்துவிடும். நான் முதன்முதலில் அவிழ்த்தபோது ஒரு ஸ்பிரிங் எங்கே போனதென்றே தெரியவில்லை. எறும்பு அளவுதான் இருக்கும். மறுநாள் பெரியம்மா உளுந்து புடைக்கும்போது முறத்தில் அகப்பட்டது.

ஐந்து ஜோடிப் பின் இருக்கும், உருளையைத் திரும்ப விடாமல் தடுப்பவை அவைதான். நாலை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஜோடியோடு மாட்டுங்கள். எல் வடிவக் கம்பியைச் சாவித் துவாரத்தின் ஓரத்தில் கொடுத்துத் திருப்புகிற பக்கமாக அழுத்த வேண்டும். அழுத்தம் என்றால் தூங்குகிற குழந்தையின் விரலைப் பிரிப்போமே, அவ்வளவுதான். நுனி வளைந்த இன்னொரு கம்பியால் பின்னை மெதுவாக மேலே தூக்குங்கள். ஓர் இடத்தில் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. உருளை முடியளவு நகரும். அதுதான் மொத்த வித்தை. ஒன்று வசப்பட்டால் இரண்டு பின், அப்புறம் மூன்று. ஐந்துக்கும் ஒரே நாளில் போகிறவர்கள்தான் அடுத்த வாரம் செட்டை அலமாரியில் தூக்கிப் போடுகிறார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐந்து துளையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், ஆனால் எந்த மெஷினும் அப்படித் துளை போடாது. ஒன்று மயிரிழை விலகித்தான் இருக்கும். திருப்பும்போது அந்தத் துளையில் உள்ள பின்தான் முதலில் இறுகும். அதைத் தூக்கி விட்டால் அடுத்தது இறுகும். விலை உயர்ந்த பூட்டில் விலகல் குறைவு, போதாததற்கு இடுப்பு ஒடுங்கிய பின்களைப் போட்டு ஏமாற்றுவார்கள். திறந்துவிட்ட மாதிரி கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றுவிடும். அந்தக் கட்டத்துக்கு வர உங்களுக்கு ஆறு மாதமாவது ஆகும்.

நான் பழகியது பின் பூட்டில் இல்லை. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். பெரியப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தத் திண்டுக்கல் பூட்டுதான். கை வேலை, லீவர் பூட்டு. உள்ளே தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சாவியின் பல் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. பெரியப்பா முதல் ஆறு மாதம் என்னைப் பூட்டையே தொட விடவில்லை. ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, “நேராத் தேய்டா” என்பார். போகும்போது அழுத்து, வரும்போது தூக்கு. இதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். அதற்கப்புறம்தான் சாவியே இல்லாத பூட்டுக்குச் சாவி போடக் காட்டிக்கொடுத்தார். பல் வெட்டாத வெறும் சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, உள்ளே விட்டுத் திருப்பினால், தகடு இடிக்கிற இடத்தில் கரி தேய்ந்து கோடு விழும். அந்தக் கோட்டில் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி கரி, மறுபடி உள்ளே. பொறுமை இருந்தால் எந்தக் கம்பியும் வேண்டாம், பூட்டு தன் சாவியைத் தானே சொல்லிவிடும். கம்பி போட்டுத் திறந்தால் ஒரு தடவைதான் திறக்கும். இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் கையில் சாவியோடு போவார். தொழிலாகச் செய்ய நினைத்தால் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், வீடியோக்காரர்கள் பெரும்பாலும் கம்பியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2011-ல் ஒரு மத்தியானம். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒருவர் மொபெட்டில் வந்தார். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததாம், பீரோ சாவியைக் காணோமாம். தலை மொட்டை அடித்திருந்தது, நான் வேறு எதையும் கேட்கவில்லை. உறையூர் பக்கம் ஒரு ஓட்டு வீடு. நடுக்கூடத்தில் அவருடைய அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “வாப்பா” என்றும் சொல்லவில்லை, “யாரு” என்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பீரோ பழைய காலத்து உருக்குப் பீரோ, கைப்பிடிக்குக் கீழே நல்ல லீவர் பூட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஆளே தெரியவில்லை, பூட்டுதான் தெரிந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் வெளிக்கதவு, அப்புறம் உள் லாக்கர். லாக்கரில் ஒரு மஞ்சள் பை, பத்திரம் மாதிரி மடித்த தாள், இரண்டு வளையல். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். முந்நூறு கேட்டேன், முந்நூறைக் கொடுத்தார். பேரமே பேசவில்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்றாம் நாள் கடைக்கு ஒரு போலீஸ்காரரும் இன்னொரு மொட்டைத் தலையும் வந்தார்கள். மூத்த மகன். “எங்க வீட்டு பீரோவைத் திறந்தது நீதானா?” அன்றைக்குக் கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டேஷனில் பெஞ்சில் காலையிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். என் கம்பிப் பையை மேஜை மேல் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். குடைக் கம்பியில் நானே தேய்த்துச் செய்தவை. “இதெல்லாம் என்னத்துக்குடா?” என்று கேட்டால் என்ன சொல்வது? வேலைக்கு என்றுதான் சொன்னேன். திருடனும் அதைத்தானே சொல்லுவான்.

மூன்று மணிக்கு அந்த அம்மா ஆட்டோவில் வந்தார். “நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன், சாவி தொலைஞ்சு போச்சு” என்றார். அது பொய். அவர் வாயே திறக்கவில்லை, எனக்குத் தெரியும். சின்ன மகனுக்காகச் சொன்னாரா, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை புரியவில்லை. என்னை விட்டுவிட்டார்கள். பையில் இரண்டு கம்பி குறைந்திருந்தது, கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே கடைக்கு வந்தார். பீரோவுக்குப் பூட்டை மாற்ற வேண்டுமாம். மாற்றிக் கொடுத்து இரண்டு சாவியை நீட்டினேன். ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொன்றை என்னிடமே திருப்பிக் கொடுத்து, “இதை ராவிப் போட்ரு தம்பி” என்றார். அவர் கண் முன்னாலேயே பல்லைத் தேய்த்து மழுக்கினேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்து. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் போனில் பேசாமல் கம்பியை எடுக்க மாட்டேன். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. எரிச்சல்பட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

“பத்து நிமிஷ வேலைக்கு ஐந்நூறா?” என்று கேட்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கடையில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு மாத வாடகை வேறு. தெரிந்த பையனுக்கு முப்பது ரூபாய்க்கு ஒரு சாவி போட்டுக் கொடுத்தால், ரோடு பூராவும் கேட்கிற மாதிரி “முப்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கத்துகிறது. அடுத்து நிற்கிறவர், “அவருக்கு முப்பது, எனக்கு எழுபதா?” என்கிறார். அவர் சாவி வேறு, இவர் சாவி வேறு என்று பெட்டிக்கு யார் சொல்வது? ஒலியைக் குறைத்தால் வந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டிப் போனவர்கள் மூன்று பேர்.

இதைப் படித்துவிட்டு “திருட்டுக்கு வகுப்பு எடுக்கிறான்” என்று யாராவது கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். திருட்டுப் போன எத்தனையோ வீடுகளுக்குப் பூட்டு மாற்றப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில்கூட பூட்டை நோகாமல் திறந்திருக்கவில்லை. நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பியிருப்பான், அல்லது பின்பக்க ஜன்னல் கம்பியை வளைத்திருப்பான். தூங்குகிற குழந்தை விரலைப் பிரிக்கிற பொறுமை அவனுக்கு ஏது? இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் போனார். யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த, ‘சப்’ (Chubb) என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா கம்பெனி தன் கடை ஜன்னலில் சவால் விட்டு வைத்திருந்த பூட்டை, 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்து 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) பரிசு வாங்கினார். ஊரே கொந்தளித்தது. அதற்கப்புறம்தான் பூட்டுச் செய்கிறவர்கள் இன்னும் நல்ல பூட்டுச் செய்ய உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் 1997-ல் இதற்கென்று சங்கமே தொடங்கியிருக்கிறார்கள், போட்டி எல்லாம் நடக்கிறதாம். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்லிக்கொள்வது இரண்டு கட்டுப்பாடுதான்: தன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே, தன்னுடையதே ஆனாலும் தினமும் புழங்குகிற பூட்டில் பழகாதே. இரண்டாவதை மீறுகிறவர்கள் அதிகம். கம்பி போட்டு நோண்டி வாசல் பூட்டில் பின் சிக்கிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் போன் வரும்.

சட்டம் பற்றி நான் வக்கீல் இல்லை. ஸ்டேஷன் சம்பவத்துக்கு அப்புறம் ஒரு வக்கீல் சொன்னதை மட்டும் சொல்கிறேன். பழைய தண்டனைச் சட்டம் 445-ஆம் பிரிவில், வீட்டை உடைத்துப் புகுவதற்கு ஆறு வழி எழுதி வைத்திருந்தார்கள், அதில் நான்காவது பூட்டைத் திறந்து நுழைவது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தும் அது போகவில்லை. அத்துமீறி நுழைவதற்காகத் திறந்தால்தான் குற்றம். ஆனால் எதற்காகத் திறந்தாய் என்பதை ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டில் நின்று நிரூபிக்க முடியாது. அதனால் கம்பி செட்டை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள், வீட்டிலேயே இருக்கட்டும்.

தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டால், வெறும் பூட்டு, டூப்ளிகேட் சாவியை வைத்து இனி ஒரு குடும்பம் ஓடுவது கஷ்டம். காசு இப்போது கார் சாவியில் இருக்கிறது. உள்ளே சிப் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட வேண்டும். அது உங்களுக்கு என்னைவிடச் சுலபமாக வரும், உங்கள் படிப்பு அப்படி. மெஷின் விலை தான் கையைக் கடிக்கும். முதலில் எங்காவது ஒரு கடையில் ஒரு வருடம் நில்லுங்கள். அரம் பிடிக்க வரவில்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போதைக்குச் சிலிண்டரை வாங்கி அவிழ்த்துப் பாருங்கள். கீழே வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் விழுந்தால் தெரியும். ஒற்றைப் பின்னில் ‘டிக்’ வந்ததும் இங்கேயே எழுதுங்கள். திருச்சிப் பக்கம் வந்தால் கடைக்கும் வரலாம், ஞாயிறு மட்டும் வேண்டாம்.