இலவசக் கல்வி: எது இலவசம், எது செலவு?

கேள்வி: கென்யாவிலும் ஆரம்பக் கல்வி இலவசமாமே? அப்படியானால் நம் ஊரைப் போலத்தானா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பெயரளவில் ஆம். மலாவி 1994-லும் உகாண்டா 1997-லும் கென்யா 2003-லும் கட்டணத்தை நீக்கின. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். ஆசிரியரும் வகுப்பறையும் அந்த வேகத்தில் பெருகவில்லை. கட்டணம் போனாலும் சீருடைச் செலவு பெற்றோர் தலையில்தான். ஏழை வீட்டுப் பிள்ளை நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவில்தான். நம் அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் விரிந்தபோது தொடங்கிய இடமே உங்கள் பக்கத்துத் திருக்குவளை!

கேள்வி: கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம் கிடைக்குமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: நலிவடைந்த பிரிவில் விண்ணப்பித்தால் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிட ஆதாரம் தேவை. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; கடைசி வாரத்தில் அலைந்தால் தேதி போய்விடும். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான். சலுகை 8-ஆம் வகுப்பு வரை. வேன் கட்டணம் அதில் சேராது, கேட்டுக்கொண்டு சேருங்கள்.