நான் வாங்கப் பார்க்கும் வீட்டின் ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், வில்லங்கம் இல்லை, பட்டாவும் விற்பவர் பெயரில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இப்போது கொடுக்காதீர்கள். "விற்பவரின் அப்பா வாங்கிய வீடு, அவர் காலமானபின் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பயம் வந்தது. 2018-ல் திருச்சி உறையூரில் நான் பார்த்த வீட்டின் கதையும் அதுதான்.

விற்பவர் தங்கமான மனிதர். அவருடைய அப்பா 1984-ல் வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், அண்ணன் தம்பி 2011-ல் பதிவு செய்த பாகப்பிரிவினை, பட்டா, வீட்டு வரி ரசீது என்று கோப்பில் எதுவும் குறையவில்லை. 1984-லிருந்து ஈசி போட்டுப் பார்த்தேன், ஒரு அடமானம்கூட இல்லை. மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தேன். கோப்பைப் புரட்டிய வக்கீல் அம்மா, "அப்பா எப்ப தவறினார்? அன்னிக்கு வீட்ல யார் யார் உயிரோட இருந்தாங்க?" என்று கேட்டார்.

பத்திர ஆபீஸில் பதிவானதை மட்டும்தான் வில்லங்கச் சான்று காட்டும். சாவு அங்கே பதிவாவதில்லை. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்தக் கணமே சொத்து வாரிசுகளுக்கு இறங்கிவிடும். அதற்குப் பத்திரம் வேண்டியதில்லை, அதனால் ஈசியில் தடமும் இருக்காது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கினோம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், இறந்தவரின் தாய் என்று ஐந்து பெயர்கள். "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக்குடுத்தாச்சு" என்றார் விற்பவர். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், கட்டிக்கொடுத்த மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்தச் சட்டத்தின் 1989, 2005 திருத்தங்கள் பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பற்றியவை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

தங்கையையாவது யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்கள். பாட்டியை ஒருவரும் நினைக்கவில்லை. மகன் இறந்த அன்று உயிரோடு இருக்கும் தாயும், மனைவி மக்களைப் போலவே சமபங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசு, ஆகவே ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. அவர் 2014-ல் உயில் எழுதாமல் இறந்தார். தாத்தா எப்போதோ போய்விட்டார். பாட்டியின் பங்கு அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைகளுக்குப் பிரிந்தது. அப்படித்தான் விற்பவரின் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பதினைந்தில் ஒரு பங்கு வீதம் அந்த வீட்டில் உரிமை வந்தது. அத்தைக்கே அது தெரியாது. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

சித்தப்பா உடனே தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அத்தை சம்மதிக்க நான்கு மாதம் ஆயிற்று. அவருக்கு அவர் பங்குக்கான பணத்தைக் கொடுத்தார்கள், அது நியாயமும்கூட. தங்கை சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். வக்கீல் ஒப்பவில்லை. சாட்சிக் கையெழுத்தால் பங்கு கைமாறாது. விற்பவரின் அம்மா, தங்கை, தம்பி மூவரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே சேர்ந்தார்கள்.

நீங்கள் முதலில் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். அப்பா இறந்தபோது அவருடைய அம்மா இருந்தாரா என்று வாய்விட்டே கேளுங்கள். இருந்திருந்தால், அந்தப் பாட்டியின் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை, தாயின் கையெழுத்து மட்டும் போதாது. இவ்வளவும் கைக்கு வந்தபின், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் அன்று அட்வான்ஸைக் கொடுங்கள்.