கைவண்டி இழுப்பதற்கு முன்

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய மார்மன் சமயத்து முன்னோடிகளின் பயணத்தை நினைவுகூர்ந்து எங்கள் சபை நடத்தும், கைவண்டி இழுத்துச் செல்லும் மூன்று நாள் நடைப்பயணத்தில், பத்துப் பதின்ம வயதினருக்கு ‘அப்பா, அம்மா’வாக, அதாவது உடன் நடந்து கவனித்துக்கொள்ளும் பெரியவர்களாக இருக்கும்படி என்னையும் என் மனைவியையும் கேட்டிருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

பதில்: முதலில் கால்களைப் பழக்குங்கள். புதுக் காலணியோடு யாரும் புறப்பட வேண்டாம். குதிகாலில் எரிச்சல் தெரிந்த உடனேயே வண்டியை நிறுத்தி, ஈரக் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்; கொப்புளம் எழும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைகள் வலியை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வரலாற்றையும் படித்துவிட்டுப் போங்கள். 1856இல் அயோவா சிட்டியிலிருந்து யூட்டாவுக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் கைவண்டி இழுத்து வந்தவர்களுள், காலம் தாழ்த்திப் புறப்பட்ட வில்லி, மார்ட்டின் என்போர் தலைமையிலான இரு குழுவினர் வழியில் வயோமிங்கில் அக்டோபர் மாதப் பனியில் சிக்கியதில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரியவர் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட மூட்டை வெறும் 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு; பிள்ளைகளை அதே எடைக்கு மூட்டை கட்டச் சொல்லிப் பாருங்கள், எதை விட்டுவிட்டு வருவது என்ற தவிப்பு அவர்களுக்கே புரியும். ஆனால், அந்தத் துயரத்தை உணர்த்துவதாக எண்ணி உணவையோ தண்ணீரையோ ஒருபோதும் குறைக்காதீர்கள்.