மாமா பாதியில் நிறுத்திய பாட்டு

அன்புள்ள அக்கா,

நான் பல்லடம் பக்கம். வயது நாற்பது. பெயரை வெளியிட வேண்டாம். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவர் சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. உயில் எழுதவில்லை. தோட்டத்தை அண்ணன் பெயருக்கு மாற்ற, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராகிவிட்டது. தை பிறந்ததும் பதிவு.

அண்ணன் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு நாற்பது பவுன் போட்டார்கள். அதில் பாதி என் வீட்டுக்காரர் தறி போட்டபோது போய்விட்டது. நான் தயங்குவதைப் பார்த்து அம்மா, "ஒரு ஏக்கராவுக்காகப் பொறந்த வீட்ட முறிச்சுக்காத. நாளைக்கு உம் புள்ளைக்குச் சீர் கொண்டாரதுக்கு ஆளு வேண்டாமா?" என்று அழுகிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான பெரிய மாமா, "வினையே ஆடவர்க்குயிரே, வாணுதல் மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்" என்று சொல்லிவிட்டு, "ரெண்டாயிரம் வருசமா இதுதான் முறை. காடு தோட்டம் ஆம்பளைக்கு, குடும்பம் பொம்பளைக்கு" என்றார்.

இலக்கியம் நம்மைத் திறந்துவிடும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஆண் இப்படி, பெண் இப்படி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த இலக்கியம்தானே? மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

---

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமாவின் பாட்டு. அது குறுந்தொகை 135, பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பட்டிமன்றத்திலும் கல்யாண வாழ்த்துரையிலும் அடிபடுவது அதன் முதல் இரண்டு வரிதான். பாட்டு நான்கு வரி. "என நமக்கு உரைத்தோரும் தாமே, அழாஅல் தோழி, அழுங்குவர் செலவே" என்று முடிகிறது.

இதைச் சொல்கிறவள் தோழி. தலைவன் பொருள் தேடப் புறப்படப் போகிறான், தலைவி அழுகிறாள். 'ஆணுக்கு வேலைதான் உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஆண்தான் உயிர்' என்பது அவன் என்றைக்கோ இவர்களிடம் பேசிய பேச்சு. தோழி அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். 'இப்படிச் சொன்னவரே அவர்தானே? நீ அழாதே, பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்' என்கிறாள். மாமா உங்களிடம் சட்டம்போல ஒப்பித்த வரிகள், பாட்டுக்குள் ஓர் ஆணின் வாக்குமூலமாக இருக்கின்றன. அதை வைத்தே அவனை மடக்குகிறாள் ஒரு பெண். தமிழாசிரியராக இருந்தவருக்கு மீதி இரண்டு வரி தெரியாமல் இருக்காது. தோட்டம் பற்றிய பேச்சில் அவை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் உங்கள் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. "அச்சமும் நாணும் மடனும்" பெண்ணுக்கு, "பெருமையும் உரனும்" ஆணுக்கு என்று தொல்காப்பியம் பிரித்தே வைத்திருக்கிறது. பெற்றுப் போடுவது என் கடமை, சான்றோனாக்குவது தந்தைக்குக் கடமை, யானையைக் கொன்று திரும்புவது மகனுக்குக் கடமை என்று புறநானூற்றுத் தாய் ஒருத்தி பட்டியலே போடுகிறாள். அந்தப் பட்டியலில் மகளுக்கு இடமே இல்லை. இலக்கியம் சொல்லிக்கொடுத்தது, சந்தேகமில்லை. இலக்கணம் விதியைச் சொல்லிவிட்டுப் போய்விடும். பாட்டு அப்படிப் போக முடியாது. பாட்டில் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம், ஏதோ ஒரு தேவைக்காகப் பேசியாக வேண்டும். அந்தத் தேவையைக் கவனித்துப் படிப்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி பத்திரம். பெண்ணுக்குப் பங்கு என்றாலே 1989-இல் கலைஞர் ஆட்சியில் வந்த சட்டத்தைச் சொல்லி அலுத்துக்கொள்கிறவர்கள் உங்கள் சொந்தத்திலும் இருப்பார்கள். அது பரம்பரைச் சொத்துக்கு. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு இல்லை என்றிருந்த தடையை 2005-இல் வந்த மத்தியச் சட்டம் நீக்கியது. உங்கள் அப்பா தானே வாங்கி, உயில் எழுதாமல் விட்ட தோட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் போதும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டவர்கள் நம் ஆட்கள். அப்படியும் விடுதலைப் பத்திரம் எழுதும் கூட்டம் குறையவில்லை.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அக்கா தங்கைகள் விசேஷத்துக்கு வருவதுபோலப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். பத்திர எழுத்தர் கடகடவென்று வாசிப்பார்: "யாருடைய தூண்டுதலும் இன்றி, என் மனப்பூர்வமாக... எனக்கும் என் வாரிசுகளுக்கும் இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. உள்ளே போய்க் கேமரா முன் உட்கார்ந்து, விரலை வைத்து, கையெழுத்துப் போட்டு வருவார்கள். வெளியே தம்பி ஜவுளிக்கடைப் பையை நீட்டுவான், ஆளுக்கொரு பட்டுப்புடவை. எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். சிலர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருக்கும். அதை ஏமாளித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிறந்த வீட்டுக்கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று அவர்கள் விலை கொடுக்கிறார்கள். அந்தக் கதவுக்கு விலை வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

அண்ணன் கெட்டவர் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். அவரும் ஒரு வேஷத்தில் மாட்டிக்கொண்டவர்தான். பொங்கல் சீர், காதுகுத்து, உங்கள் பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர், அவள் கல்யாணம் என்று வரிசையாக நிற்கிறது. தட்டு எண்ணிக்கை குறைந்தால் ஊர் பேசும். கடன் வாங்கிச் சீர் செய்யும் அண்ணன்மார் எத்தனையோ பேர். ஆனால் சீர் என்பது அவர் மனம் வைத்தால் வருவது, பங்கு யார் மனம் வைக்காவிட்டாலும் உங்களுடையது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்கிக்கொள்வது முறை என்றால், அந்த முறையில் ஆணுக்குச் சுமை இருக்கிறது, பெண்ணுக்குச் சுமையும் இருக்கிறது, நிலமும் போகிறது.

அந்த நாற்பது பவுனையும் கொஞ்சம் பாருங்கள். 'உனக்குத்தான் அப்பவே செஞ்சாச்சே' என்பார்கள். பாதி, தறியாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தறி யார் பெயரில் இருக்கிறது? கோவலனும் கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்துத்தான் இழந்ததை மீட்கலாம் என்று மதுரைக்குக் கிளம்பினான். அப்பா கொடுத்தது கணவரின் தொழிலுக்குப் போனது. நடுவில் உங்கள் கையில் அது எத்தனை நாள் நின்றது என்று யோசியுங்கள்.

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மாமா இல்லை, அம்மா. அவர் உங்கள் பிள்ளையின் சீரைச் சொல்லி அழுகிறார். இனி தனக்கு யார் வீட்டில் சோறு என்ற பயமும் அந்த அழுகைக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். புறநானூறு 246-இல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கணவன் இறந்ததும் தீப்பாயப் போகும் தன்னைத் தடுக்கும் சான்றோர்களிடம் பேசுகிறாள். கற்பின் சிகரம் என்று அந்தப் பாட்டைப் புகழ்வார்கள். அவள் அடுக்கிச் சொல்வதெல்லாம் கைம்பெண்ணின் சாப்பாடும் படுக்கையும். நெய் படாத, கையால் பிழிந்த சோறு. எள்ளுத் துவையலும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. பாயில்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. இப்படிக் கிடக்கும் பெண்களில் ஒருத்தி நானில்லை என்கிறாள். அரசன் மனைவிக்கே புருஷன் போனபின் கதி அதுதான் என்றால், தீ அவளுக்குத் தாமரைக்குளம்போல இருந்ததில் என்ன ஆச்சரியம்? உங்கள் அம்மாவின் காலம் வேறு. ஆனால் கணவன் போனபின் மகனை அண்டி இருப்பவள் என்ற இடம் மாறவில்லை. மகன் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே பொருள் உங்கள் கையெழுத்து.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தையில் அவசரப்பட்டுப் பதிவுக்குப் போகாதீர்கள். வெளியூர் வக்கீல் ஒருவரிடம் பத்திர நகலைக் காட்டுங்கள். பங்கை அண்ணனுக்கே கொடுப்பதென்று முடிவு செய்தால் அதற்குரிய பணத்தை வங்கி மூலம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். இலவசமாகத்தான் கொடுப்பேன் என்றால் அதுவும் உங்கள் இஷ்டம், சீருக்குப் பயந்து மட்டும் வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்த 1956 சட்டப்படி மூன்று ஏக்கரில் அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மாவின் பங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். உங்கள் கையெழுத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா