பத்தரை சதவீதப் பத்திரத்தில் கைக்கு வந்தது ஆறு சதவீதச் சொச்சம்

கம்பெனிப் பத்திரங்களின் விலைப்பட்டியலில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது, யீல்டை, அதாவது போட்ட பணத்துக்கு வருடத்துக்கு உண்மையில் கிடைக்கும் வருமான விகிதத்தை, நாமே கணக்கிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். மும்பையில் பத்திர வியாபாரக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆனால் அலுவலகக் கதையை விட, எங்கள் கட்டடத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் சட்டென்று விளங்கும்.

ஆண்டாப் ஹில்லில் எங்களுக்குக் கீழ்வீட்டு அண்ணாச்சி, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாலை போனைக் கையில் பிடித்தபடி மாடியேறி வந்தார். "தம்பி, பேங்க்குல ஏழுதான் தாரான். இதுல பத்தரை! நூறு வாங்கிப் போட்டுட்டேன்" என்றார். வாங்கியது ஒரு என்சிடி, அதாவது பங்காக மாற்ற முடியாத கம்பெனிக் கடன் பத்திரம். முகமதிப்பு (பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகை) 1,000 ரூபாய், கூப்பன் 10.50 சதவீதம், வட்டி வருடத்துக்கு ஒரு முறை, முதிர்வுக்கு இன்னும் 2 வருடம். விலை 1,080. முந்தைய நாள்தான் அந்த வருடத்து வட்டி கொடுத்து முடித்திருந்தார்கள்.

அவர் பார்த்தது 10.50-ஐ மட்டும். கூப்பன் என்பது முகமதிப்பின் மேல் கணக்கிடும் வட்டி. நீங்கள் 1,080 கொடுத்து வாங்கினாலும் 900 கொடுத்து வாங்கினாலும் வருடத்துக்கு வருவது 105 ரூபாய்தான். முதிர்வில் திரும்பி வருவதும் 1,000தான், நீங்கள் போட்ட 1,080 அல்ல. அண்ணாச்சி போட்டது 1,08,000. இரண்டு வருடத்தில் வட்டி 21,000 வரும், அசலில் 8,000 போய்விடும். மிச்சம் 13,000. வருடத்துக்கு 6,500. அதாவது, போட்ட பணத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம்.

"அப்போ பேங்க்கே தேவலையா?" என்றார். முகம் வாடிப்போனது. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, அவர் முன்னாலேயே சரியான கணக்கைப் போட்டேன். நீங்களும் இதையே செய்யலாம்.

வரப்போகும் பணம் இரண்டு தவணை: முதல் வருட முடிவில் 105, இரண்டாம் வருட முடிவில் 1,105. ஏதாவது ஒரு வட்டி விகிதத்தை ஊகித்து, அந்தப் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று பாருங்கள். 7 சதவீதம் என்று வைத்தால், 105-ஐ 1.07-ஆல் வகுக்க 98.13. 1,105-ஐ 1.07-ஆல் இரண்டு முறை வகுக்க 965.15. கூட்டினால் 1,063.28. நாம் கொடுத்ததோ 1,080. அப்படியானால் யீல்டு 7-க்குக் கீழே. 6 சதவீதம் வைத்துப் பார்த்தால் 1,082.50 வருகிறது. கொஞ்சம் கூடிவிட்டது. ஆக விடை 6-க்கும் 7-க்கும் நடுவில், 6-ஐ ஒட்டி. இரண்டு தொகைக்கும் வித்தியாசம் 19.22, நமக்கு வேண்டிய இறக்கம் 2.50. வகுத்தால் 0.13. யீல்டு 6.13 சதவீதம். முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் இதைத்தான் யீல்டு டு மெச்சூரிட்டி, சுருக்கமாக ஒய்டிஎம் என்கிறோம். எக்ஸெல்லில் தேதிகளை ஒரு வரிசையிலும், மைனஸ் 1,080, 105, 1,105 என்று தொகைகளை அடுத்த வரிசையிலும் போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் ஃபார்முலா கொடுத்தாலும் கிட்டத்தட்ட இதே விடைதான். ஆனால் ஒரு முறையாவது கையால் போடுங்கள். விலை ஏறினால் யீல்டு ஏன் இறங்குகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

சில செயலிகள் 105-ஐ 1,080-ஆல் வகுத்து 9.72 என்று காட்டும். அது கரண்ட் யீல்டு. அசலில் போகும் 80 ரூபாய் அதில் எங்குமே இல்லை. பிரீமியத்தில், அதாவது முகமதிப்புக்கு மேல், விற்கும் பத்திரத்துக்கு இந்த எண்ணை மட்டும் பளிச்சென்று காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஓய்வுப் பணத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள்.

அடுத்து, விலை என்று போட்டிருப்பது எந்த விலை? டீலர்களிடமும் ஆன்லைன் தளங்களிலும் பெரும்பாலும் 100 ரூபாய் முகமதிப்புக்கு விலை சொல்வார்கள். ஒரு லட்ச ரூபாய்ப் பத்திரம் 98.50 என்றால் 98,500. அது கிளீன் பிரைஸ், அதாவது சேர்ந்த வட்டி சேராத விலை. கடைசியாக வட்டி கொடுத்த நாளிலிருந்து சேர்ந்திருக்கும் வட்டியை அதற்கு மேல் விற்பவருக்குத் தர வேண்டும். அண்ணாச்சி 73 நாள் கழித்து அப்படி வாங்கியிருந்தால், 105-ஐ 365-ஆல் வகுத்து 73-ஆல் பெருக்க, பத்திரத்துக்கு 21 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். அது நஷ்டமில்லை, அடுத்த வட்டியில் திரும்பி வந்துவிடும். பங்கு போலவே எக்ஸ்சேஞ்சில் வாங்கும் என்சிடிகளில் பெரும்பாலும் அந்த வட்டி விலைக்குள்ளேயே கலந்திருக்கும். அதனால்தான் வட்டிக்கான ரெக்கார்டு தேதியை (யாருக்கு வட்டி என்று கம்பெனி பெயர் பார்க்கும் நாளை) ஒட்டி விலை திடீரென்று இறங்கியது போலத் தெரியும். பயப்பட வேண்டாம்.

மாதா மாதம் வட்டி தரும் பத்திரத்தை ஒப்பிடும்போது ஒன்று: மாத வட்டியில் 9 சதவீதம் என்றால் வருடக் கணக்கில் 9.38. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கம்பெனி முன்கூட்டியே திருப்பித் தரும் கால் ஆப்ஷன் இருந்தால், அந்தத் தேதி வரைக்கும் தனியாக ஒரு யீல்டு போடுங்கள். கடைசியாக வியாபாரமான விலை மூன்று வாரம் பழையதாகக்கூட இருக்கலாம். இன்றைக்கு விற்பவர் கேட்கும் விலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கவலை நமக்கு இல்லை. பொதுமக்களுக்கு வெளியிடாமல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விற்கும் பிரைவேட் பிளேஸ்மெண்ட் பத்திரங்களின் முகமதிப்பே 10 லட்சமாக இருந்தது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை 2023 ஜனவரியில் 1 லட்சமாகக் குறைத்தது, 2024-இல் நிபந்தனைகளோடு 10,000 வரை அனுமதித்தது. அப்புறம்தான் சாதாரணச் சேமிப்பாளர்களின் போனுக்குள் இதெல்லாம் வந்தது. அதனால் கம்பெனி கடனைத் திருப்பித் தருமா என்பதற்குத் தரும் மதிப்பெண்ணான ரேட்டிங்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசுப் பத்திரம் தருவதற்கு மேல் ஒரு கம்பெனி எவ்வளவு யீல்டு தருகிறதோ, அவ்வளவு ரிஸ்க் இருப்பதாகச் சந்தை நினைக்கிறது. ரேட்டிங்கும் கடவுள் வாக்கல்ல. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018 செப்டம்பரில் பணம் கட்டத் தவறியபோது, சில வாரங்களுக்கு முன்பு வரை அதற்கு மிக உயர்ந்த ரேட்டிங்கான டிரிபிள் ஏ இருந்தது.

அண்ணாச்சி மறுநாளே விற்றுவிடலாமா என்று கேட்டார். வாங்க வந்தவர்கள் கேட்ட விலை 1,061. அந்த விலைக்குக் கொடுத்தால் 1,900 ரூபாய் அன்றைக்கே கையை விட்டுப் போகும். நல்ல ரேட்டிங் உள்ள கம்பெனிதான், வைத்திருங்கள் என்றேன். வைத்திருந்தார். இரண்டு தவணையும் தேதி தவறாமல் வந்தது. அந்தக் காலண்டர் தாளை பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருக்கிறார்.