பதில்: வட்டக்கச்சி வாசிகசாலை, ஜூரியில் கிழித்துவிட்டார்கள்

கட்டடக்கலை இரண்டாம் வருட ஸ்டூடியோவுக்கு (வடிவமைப்புப் பாடம்) கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஒரு வாசிகசாலை வரைந்தேன், மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னேர வெயில் உள்ளே கொட்டும் என்று ஜூரியில் (ஆசிரியர்கள் வரைபடத்தை விமர்சிக்கும் அமர்வு) கிழித்துவிட்டார்கள், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பிளானைச் சுழற்றிப் பாருங்கள் முதலில்: நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், மேற்கில் களஞ்சியம், கழிப்பறை மாதிரி ஆள் உட்காராத அறைகளைத் தள்ளிவிடுங்கள். வடக்கு வெளிச்சம் எப்போதும் குளிர்மை என்று படித்திருப்பீர்கள், அது குளிர்நாட்டுக் கதை. கிளிநொச்சி ஏறக்குறைய 9.4 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும், பின்னேர வெயிலும் வடக்குச் சுவரில் சாய்ந்து விழும், ஆகவே அங்கேயும் விறாந்தை வேண்டும். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து புழுதியோடு வரும், மாரி மழைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஜன்னலைப் போட்டால் திரும்பவும் மாட்டுவீர்கள் (எங்கள் பழைய வீடுகளின் தாழ்ந்த கூரை இறவாரம் சும்மா வைத்ததல்ல). அப்புறம் 1:50 அளவில் ஒரு குறுக்குவெட்டு (கட்டடத்தை நெடுக வெட்டி உள்ளே பார்ப்பது போன்ற வரைபடம்), மட்டை மொடலை வடக்குப் பார்த்து வெயிலில் வைத்து எடுத்த படங்கள், இரண்டையும் தயார் செய்யுங்கள். குறுக்குவெட்டை வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.