பேரனுக்கான பணத்தைப் பெரியப்பா பெயரில் போடலாமா?

கேள்வி: நான் தமிழர், கணவர் சீனர். சிங்கப்பூரில் வசிக்கிறோம். 17 வயது மகனுக்கு ஆட்டிசம். சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். மாமியார் தன் சேமிப்பு 80,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) கணவரின் அண்ணன் பெயரில் போட்டு, "கடைசிவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடலாம் என்கிறார். மிச்சத்துக்குச் சீனச் சமூக அமைப்புகள் இருக்கின்றனவாம். சரியா?

பதில்: உங்கள் மாமியாரின் அக்கறையில் குறையே இல்லை. பணம் போகிற வழிதான் ஆபத்து. எழுத்தில் எதுவும் இல்லாமல் அண்ணன் பெயருக்கு மாறினால் அது அவர் பணம். அவர் நொடித்துப்போனால் கடன்காரர்கள் கேட்பார்கள். இறந்தால் அவர் மனைவி மக்களுக்குப் போகும். அவர் எத்தனை நல்லவரானாலும் இதைத் தடுக்க முடியாது.

சிறப்புத் தேவையுள்ளோருக்கான பணத்தைக் காக்கும் எஸ்என்டிசி எனப்படும் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனியில் மகனுக்காக ஓர் அறக்கட்டளைக் கணக்கைத் திறங்கள். குறைந்தது 5,000 வெள்ளி வேண்டும். கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. பணத்தைப் பொது அறங்காவலர் முதலீடு செய்வார். அசலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. பெரியப்பாவை ஒதுக்க வேண்டாம். பராமரிப்புத் திட்டத்தில் அவர் பெயரை எழுதுங்கள்: பிள்ளையைப் பார்ப்பது அவர், பணத்தைக் காப்பது நிறுவனம்.

மாமியார் 80,000 வெள்ளியையும் இப்போதே போட வேண்டியதில்லை. அவருக்கும் மருத்துவச் செலவு வரும். தொடக்கத் தொகை போக மீதியை உயிலில் எழுதலாம். உயிலில் பேரன் பெயரை எழுதாமல், அந்த அறக்கட்டளையின் பெயரை எழுத வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பேரன் பெயருக்கு எழுதினால், நிர்வகிக்கத் தெரியாதவன் கையில் மொத்தப் பணமும் வந்து நிற்கும்.

உங்கள் இருவரின் மசேநிதி, அதாவது மத்திய சேம நிதிச் சேமிப்பு, உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சேமிப்புத் திட்டத்தில் பெற்றோர் நியமனம் செய்தால், உங்கள் காலத்துக்குப் பின் அந்தப் பணம் அவனுக்கு மாதாமாதம் வரும். மாதத்துக்குக் குறைந்த தொகை 250 வெள்ளி. 60,000 வெள்ளி இருந்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், மாதம் 250 வீதம் 20 ஆண்டு. 500 வீதம் 10 ஆண்டுதான். அவனுக்கு 17 வயது என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அவசரமான வேலை வேறொன்று. 21 வயது ஆனதும், பெற்றோர் என்பதாலேயே அவன் பணத்தில் உங்களுக்கு அதிகாரம் இராது. குழந்தையிலிருந்து சீனப் புத்தாண்டு அங்பாவ் (சிவப்பு உறையில் தரும் அன்பளிப்பு) பணத்தை அவன் பெயரில் மட்டும் போட்டு வந்திருந்தால், அந்தக் கணக்கில் உங்கள் கையெழுத்து செல்லாமல் போகலாம். தானே முடிவெடுக்கும் திறன் அவனுக்கு இல்லையென்றால், 21 ஆகும் முன்பே நீதிமன்றத்தில் உங்களை அவன் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பாளராகவும், பெரியப்பாவை அடுத்த பொறுப்பாளராகவும் நியமிக்கக் கேளுங்கள். சிறப்புப் பள்ளிகள் வழியாக இதற்கு உதவித் திட்டம் உண்டு. இந்த வாரமே பள்ளியில் விசாரியுங்கள்.

சமூக அமைப்பைப் பற்றி: 1992இல் தொடங்கிய சீன மேம்பாட்டு உதவி மன்றம் வசதி குறைந்த குடும்பங்களின் படிப்புக்குக் கைகொடுப்பது. ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் பணம் அங்கிருந்து வராது. கேரிங்எஸ்ஜி போன்ற பராமரிப்பாளர் குழுவில் சேருங்கள். இந்தப் படிவங்களை நிரப்பி முடித்த பெற்றோரை அங்கே சந்திக்கலாம், மாமியாரையும் கூட்டிப்போங்கள்.